மலைச்சாலையில் சைக்கிள்: எந்தப் பாதை யாருக்கு?

இத்தாலியின் ஸ்டெல்வியோ கணவாய் 2,757 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பிராட்டோ ஊரிலிருந்து ஏறினால் சுமார் 24 கிலோமீட்டர், 48 கொண்டை ஊசி வளைவுகள். இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தில் உள்ள ஹார்ட்நாட் கணவாயின் உயரம் 393 மீட்டர்தான். ஏற்றம் ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர். உடல் இன்னும் பழகாத ஒருவர் இந்த இரண்டில் ஒன்றை ஓட்டியே ஆகவேண்டும் என்றால், நான் தயங்காமல் ஸ்டெல்வியோவைத்தான் காட்டுவேன். அங்கே சராசரிச் சாய்வு ஏழரை சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு; அதாவது நூறு மீட்டர் முன்னே போனால் ஏழரை மீட்டருக்குச் சற்றுக் குறைவாக உயர்கிறோம். போதிய அளவு இலகுவான கியர் இருந்தால், இடையிடையே இறங்கி நின்று, அரை நாள் எடுத்துக்கொண்டாவது ஏறிவிடலாம். ஹார்ட்நாட்டிலோ சில இடங்களில் சாய்வு 30 சதவீதத்தைத் தொடுகிறது. அங்கே ஒருமுறை கால் ஊன்றிவிட்டால் மீண்டும் ஏறி உட்கார்ந்து மிதிக்கத் தொடங்குவதே பெரும்பாடு.

இந்த வேறுபாட்டுக்குக் காரணம் சாலைகளின் பிறப்பில் இருக்கிறது. ஸ்டெல்வியோ சாலை 1820களில் ஆஸ்திரியப் பேரரசுக்காகக் கார்லோ டோனெகானி என்ற பொறியாளர் அமைத்தது. குதிரைகள் வண்டியை இழுத்துக்கொண்டு ஏற வேண்டும் என்பதால் மலையை வளைத்து வளைத்துச் சாய்வைக் கட்டுக்குள் வைத்தார்கள். ஹார்ட்நாட் வழி ரோமானியர் காலத்திலிருந்தே ஆட்கள் நடந்து கடந்த பழைய தடம். நடப்பவர்களுக்கும் பொதி சுமக்கும் விலங்குகளுக்கும் நேர்வழிதான் வசதி. சக்கரத்துக்காகப் போட்ட சாலையா, காலடித் தடத்தின் மேல் தார் ஊற்றிய சாலையா என்பதை அறிந்தாலே பாதையின் குணம் பாதி தெரிந்துவிடும். மலையின் உயரத்தைப் பார்த்து மிரள்வதும், குன்று சிறியது என்று அசட்டையாக இருப்பதும் ஒரே தவறின் இரு பக்கங்கள்.

பாதை தேடுகிறவர்கள் வழக்கமாகப் பார்ப்பது இரண்டு எண்களை: மொத்தத் தூரம், மொத்த ஏற்றம். நூறு கிலோமீட்டருக்கு 1,000 மீட்டர் ஏற்றம் என்றால் மிதமான மேடுபள்ளம். 2,000 மீட்டர் என்றால் முழு மலைப்பாதை என்று பொதுவாகச் சொல்லலாம். ஆனால் அந்த 1,000 மீட்டர் எப்படிப் பிரிந்து கிடக்கிறது என்பதை இந்த எண் சொல்வதில்லை. ஒரே சீரான ஏற்றமாகவும் இருக்கலாம், முப்பது சிறு முட்டுகளாகவும் இருக்கலாம். இரண்டும் உடலுக்கு வேறு வேறு வேலைகள். போதாக்குறைக்கு, வரைபடச் செயலிகள் காட்டும் மொத்த ஏற்றம் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை. ஆழ்ந்த ஓடையின் மேல் பாலம் இருந்தால் சில செயலிகள் சாலை ஓடைக்குள் இறங்கி ஏறுவதாகவே கணக்கிடும். சுரங்கப்பாதை இருந்தால் மலையையே ஏறிக் கடந்ததாகச் சேர்த்துவிடும்.

ஆகவே என் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: இந்தப் பாதையின் மிகச் செங்குத்தான ஒரு கிலோமீட்டர் எது, அதை உங்கள் சைக்கிளின் மிக இலகுவான கியரில் உட்கார்ந்தபடியே மிதிக்க முடியுமா?

கணக்கு இது. ஓட்டுபவரும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ என்று கொள்வோம். 5 சதவீத ஏற்றத்தில் மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் போக ஏறத்தாழ 125 வாட் தேவை. ஓரளவு பழகிய ஒருவர் பேசிக்கொண்டே இந்த அளவைத் தர முடியும். அதே வேகத்தில் 10 சதவீதம் ஏற 230 வாட்டுக்கு மேல் வேண்டும். சரி, வேகத்தைக் குறைத்துக்கொண்டு 125 வாட்டிலேயே ஏறலாமே என்றால், வேகம் மணிக்கு ஐந்தரை கிலோமீட்டராகிவிடுகிறது. அது நடை வேகம். அந்த வேகத்தில் சைக்கிளை நேராக வைத்திருப்பதே தனி வேலை.

இங்கேதான் கியர் முடிவு செய்கிறது. முன்னால் 34 பல், பின்னால் 28 பல் உள்ள ரோடு சைக்கிளில் நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்குச் சுமார் 9 கிலோமீட்டர் போகும். 10 சதவீத ஏற்றத்தில் அதற்கு 210 வாட்டுக்கு மேல் தேவை. பின்னால் 34 பல் இருந்தால் அதே 60 சுற்றில் வேகம் ஏழரை கிலோமீட்டர், தேவை 175 வாட். இந்த வித்தியாசத்தைப் பயிற்சியால் ஈட்ட மாதங்கள் ஆகும். பின்சக்கரத்தின் கேசட்டை, அதாவது பல்சக்கரத் தொகுதியை, மாற்ற ஒரு பிற்பகல் போதும். (பின்னால் உள்ள கியர் மாற்றி அவ்வளவு பெரிய பல்சக்கரத்தைத் தாங்குமா என்பதை மட்டும் முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும்.) இலகுவான கியர் வைத்துக்கொள்வது பலவீனம் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்த எண்ணத்தால் முழங்கால் வலியோடு மலையை விட்டவர்களைக் கண்டிருக்கிறேன். எனக்கு அதில் உண்மையான வருத்தம் உண்டு.

வாட் அளக்கும் கருவி இல்லாதவர்களுக்கும் வழி இருக்கிறது. சாய்வு எவ்வளவு என்று தெரிந்த ஒரு ஏற்றத்தில் இருக்கையை விட்டு எழாமல் பத்து நிமிடம் ஏறுங்கள். முடிவில் மூச்சு முட்டாமல் ஒரு முழு வாக்கியம் பேச முடிந்தால், அந்தச் சாய்வு உங்களுக்கு உரியது. பேச்சு இரண்டு சொல்லுக்கு ஒருமுறை உடைந்தால், ஒன்று அல்லது இரண்டு சதவீதம் குறைத்துக்கொள்ளுங்கள். கீழே நான் சொல்லும் பாதைகளை இந்த அளவுகோலோடு வைத்துப் பாருங்கள்.

ஆற்றோரச் சாலை

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு எல்லோரும் பரிந்துரைப்பது பள்ளத்தாக்கின் அடியில் ஆற்றை ஒட்டிச் செல்லும் சாலை. சாய்வு ஒன்று, இரண்டு சதவீதத்தைத் தாண்டுவது அரிது. இருபுறமும் மலை நிற்க, நடுவில் சமதளம்போல ஓட்டலாம். திரும்பி வருவது இறக்கம். நல்ல தேர்வுதான். ஆனால் அதற்கு இரண்டு விலைகள் உண்டு.

ஒன்று, போக்குவரத்து. மலைநாட்டில் சமமான வழி எல்லோருக்கும் தேவை. லாரிகளும் பஸ்களும் அதே சாலையில்தான் வரும். ஆற்றின் மறுகரையில் சிறிய பழைய சாலை ஒன்று இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. பல பள்ளத்தாக்குகளில் இருக்கும். அது சற்று ஏறி இறங்கினாலும் பரவாயில்லை. முதுகுக்குப் பின்னால் ஹாரன் ஒலிக்கும்போது புதியவர் காட்டும் பதற்றம் இரண்டு சதவீதச் சாய்வைவிடக் களைப்பூட்டும்.

மற்றொன்று, காற்று. வெயில் நாளில் மலைச்சரிவுகள் சூடாகி, முற்பகல் முதல் மாலை வரை காற்று பள்ளத்தாக்கின் வாயிலிருந்து மேல்நோக்கி வீசும். இரவில் திசை மாறும். காலை பத்து மணிக்குக் கிளம்பி மேலே போகிறவரை அந்தக் காற்று தள்ளிக்கொண்டே போகும். எவ்வளவு எளிதாக இருக்கிறது என்று அவர் மகிழ்ந்து இன்னும் பத்து கிலோமீட்டர் கூடுதலாகப் போவார். திரும்பும்போது இறக்கத்திலும் மிதிக்க வேண்டியிருக்கும். விடியற்காலையில் கிளம்பி, காற்று எழுவதற்கு முன் திரும்பிவிடுவதுதான் வழி.

மேடுபள்ளச் சாலை

அடுத்து பலரும் தேர்ந்தெடுப்பது குன்றுகளின் ஊடே வளைந்து செல்லும் சுற்றுப்பாதை. எந்த ஏற்றமும் பெரிதாகத் தெரியாது. ஐம்பது மீட்டர், எண்பது மீட்டர். "பெரிய மலை எதுவும் இல்லை, இடைநிலைக்காரர்களுக்கு ஏற்றது" என்ற குறிப்போடு இவை பரிந்துரைக்கப்படுகின்றன. நான் இதில் வேறுபடுகிறேன். உடல் பழகாதவருக்கு இதுதான் மிகக் கொடிய பாதை.

பெல்ஜியத்தின் மிக உயரமான இடம் 694 மீட்டர். அந்த நாட்டில் 1892-இல் தொடங்கி இன்றும் நடக்கும் லியேஜ் – பஸ்டோன் – லியேஜ் பந்தயம் ஆர்டென் குன்றுகளின் வழியே சுமார் 250 கிலோமீட்டர் ஓடுகிறது; மொத்த ஏற்றம் 4,000 மீட்டருக்கு மேல். மலை என்று சொல்ல ஒன்றும் இல்லாத நிலத்தில், ஆல்ப்ஸ் மலையில் ஒரு நாளில் ஏறும் அளவு சேர்ந்துவிடுகிறது.

ஏறியதை இறங்கும்போது ஈடுகட்டிக்கொள்ளலாம் என்பது வெறும் தோற்றம். இரண்டு கிலோமீட்டர் ஏற்றம் மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் 12 நிமிடம். அதே இரண்டு கிலோமீட்டர் இறக்கம் மணிக்கு 40 கிலோமீட்டரில் 3 நிமிடம். பதினைந்து நிமிடத்தில் பன்னிரண்டு நிமிடம் உழைப்பு, மூன்று நிமிடம் ஓய்வு. சராசரி வேகம் 16 கிலோமீட்டர். இதே உழைப்பைச் சமதளத்தில் கொடுத்தால் மணிக்கு 25 கிலோமீட்டர் போகலாம். வேகம் கூடக் கூடக் காற்றின் எதிர்ப்பைக் கடக்கத் தேவையான ஆற்றல் வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக வளர்வதால், இறக்கம் தரும் பரிசில் பெரும்பகுதியைக் காற்று எடுத்துக்கொள்கிறது.

அதைவிடப் பெரிய சிக்கல், ஏற்றம் சிறியது என்பதால் எல்லோரும் எழுந்து நின்று ஒரே மூச்சில் கடக்க முயல்வது. முதல் ஐந்து குன்றுகளில் அது நடக்கும். ஒவ்வொரு முறையும் இதயத் துடிப்பு உச்சத்துக்குப் போய், முழுதாக இறங்குவதற்குள் அடுத்த ஏற்றம் வந்துவிடும். இப்படி விட்டு விட்டுத் தரும் கடும் உழைப்பு தசையில் சேமித்துள்ள சர்க்கரையை வேகமாகத் தீர்க்கிறது. ஒன்றரை மணி, இரண்டு மணி நேரத்தில் கால்கள் திடீரென்று வெறுமையாகும். அப்போது அவர் சுற்றுப்பாதையின் மறுகோடியில் இருப்பார். திரும்பினாலும் குன்று, தொடர்ந்தாலும் குன்று.

இந்தப் பாதை நல்லதா என்பதை வரைபடத்தில் ஓடைகளை வைத்துக் கண்டுபிடிக்கலாம். சாலை ஓடையோடு சேர்ந்து போனால் சாய்வு மென்மையாக இருக்கும். சாலை ஓடைகளைக் குறுக்கே வெட்டிப் போனால் ஒவ்வொரு ஓடைக்கும் ஓர் இறக்கமும் ஓர் ஏற்றமும் உண்டு. வரைபடத்தில் பாலங்களை எண்ணுங்கள். ஏற்றங்களின் எண்ணிக்கை ஏறத்தாழ அதுதான். ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் உயரக்கோடுகள் நெருங்கியிருக்கும் செங்குத்தான இடத்தில் சாலை அவற்றுக்குச் செங்குத்தாகப் போகிறதா, சாய்வாக ஒட்டிப் போகிறதா என்பதையும் பாருங்கள்.

வாரந்தோறும் ஓட்டி, சமதளத்தில் அறுபது, எழுபது கிலோமீட்டரைச் சிரமமின்றி முடிப்பவர்களுக்கு மேடுபள்ளச் சாலை அருமையான பாதை. அலுப்பே தட்டாது, கியர் மாற்றும் கலையும் வேகத்தைச் சேமிக்கும் கலையும் இங்கேதான் கைவரும். முந்தைய இறக்கத்தின் வேகத்திலேயே பாதி மேட்டைக் கடந்துவிடக்கூடிய முப்பது, நாற்பது மீட்டர் அலைகள் மட்டும் உள்ள சாலை என்றால் புதியவர்களும் வரலாம். அதற்கு மேல் வேண்டாம்.

ஒரே நீண்ட ஏற்றம்

புதியவர்களை நான் அனுப்ப விரும்பும் இடம் இதுதான்: நான்கிலிருந்து ஆறு சதவீதச் சாய்வில் சீராக ஏறும் ஐந்து முதல் பத்து கிலோமீட்டர் மலைச்சாலை, ஏறிய வழியே திரும்பி வருவது. கேட்டவுடன் பயமாகத் தோன்றலாம். ஆனால் உடலுக்கு மிகவும் நேர்மையான பாதை இது. உழைப்பு ஒரே அளவில் இருக்கிறது. முதல் கிலோமீட்டரில் மூச்சு எப்படியோ ஏழாவது கிலோமீட்டரிலும் அப்படியே வைத்திருக்கலாம். முக்கியமாக, எந்த இடத்திலும் "இன்றைக்கு இது போதும்" என்று சொல்லிச் சைக்கிளைத் திருப்பலாம். வீடு வரை இறக்கம். சுற்றுப்பாதையில் கிடைக்காத பாதுகாப்பு இது. அடுத்த முறை எந்த வளைவு வரை வர முடிந்தது என்று பார்த்தால், முன்னேற்றமும் கண்ணெதிரே தெரியும்.

நேரத்தையும் முன்பே கணக்கிட்டுக்கொள்ளலாம். மேலே சொன்ன 80 கிலோ, 125 வாட் ஓட்டுநர் ஒரு மணி நேரத்தில் செங்குத்தாக ஏறுவது ஏறத்தாழ 500 மீட்டர். 400 மீட்டர் உயரம் ஏற வேண்டும் என்றால் ஐம்பது நிமிடம். நன்றாகப் பயிற்சி பெற்றவர்கள் மணிக்கு 800 முதல் 1,000 மீட்டர் ஏறுவார்கள். தொழில்முறை வீரர்கள் பெரிய பந்தயங்களில் 1,500-ஐத் தாண்டுகிறார்கள். உங்கள் எண்ணை ஒருமுறை அளந்து வைத்துக்கொண்டால், வெயில் ஏறும் முன் உச்சியை அடைவீர்களா, தண்ணீர் எவ்வளவு வேண்டும் என்பதெல்லாம் தானே தெரிந்துவிடும்.

சராசரிச் சாய்வை மட்டும் நம்பக்கூடாது. ஆறு கிலோமீட்டரில் 300 மீட்டர் ஏற்றம் என்றால் சராசரி 5 சதவீதம். ஆனால் நடுவில் ஒரு கிலோமீட்டர் நான்கு சதவீதம் இறங்கினால், மீதி ஐந்து கிலோமீட்டரும் ஏழு சதவீதத்துக்கு நெருங்கிவிடும். பிரான்ஸின் மான் வான்டூ மலைக்குப் பெதுவான் ஊரிலிருந்து ஏறும் 21 கிலோமீட்டர் இதற்கு நல்ல பாடம். சராசரி ஏழரை சதவீதம். முதல் ஐந்தாறு கிலோமீட்டர் மிக மென்மையாகப் போகும். அங்கே உற்சாகத்தில் வலுவைச் செலவழித்தவர்கள், பிறகு காட்டுக்குள் ஒன்பது, பத்து சதவீதத்தில் விடாமல் நீளும் பகுதியில் அதற்கான கணக்கைத் தீர்க்கிறார்கள். அதையும் கடந்தால் மரமில்லாத வெட்டவெளி, கடைசி ஆறு கிலோமீட்டர், காற்று. ஆல்ப் டியூயெஸ் இதற்கு நேர்மாறு: 13.8 கிலோமீட்டர், சராசரி 8.1 சதவீதம், 21 வளைவுகள். கடினமான பகுதி தொடக்கத்திலேயே வந்துவிடும். முதல் இரண்டு கிலோமீட்டரில் மனம் தளராதவர்களுக்கு மேலே போகப் போகச் சற்று இளகும்.

எந்த நீண்ட ஏற்றத்திலும் முதல் பத்து நிமிடம் "இவ்வளவு மெதுவாகவா" என்று தோன்றும் அளவுக்குப் போக வேண்டும். கொண்டை ஊசி வளைவின் உள்பக்கம் வெளிப்பக்கத்தைவிடச் செங்குத்து. எதிரே வண்டி இல்லை, பார்வை தெளிவாக இருக்கிறது என்றால் உங்கள் பக்கச் சாலைக்குள்ளேயே வளைவை அகலமாக எடுங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஏறுவதாக இருந்தால் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். பசி எடுத்த பிறகு உண்டால் தாமதம்.

வாரந்தோறும் ஓட்டுபவர்கள் ஆறு முதல் எட்டு சதவீதத்தில் பதினைந்து கிலோமீட்டர் வரை எடுத்துக்கொள்ளலாம். வலுவானவர்களுக்கு நீளத்தில் வரம்பு தேவையில்லை. ஆனால் 1,500 மீட்டருக்கு மேல் காற்றில் ஆக்சிஜன் குறைவதை அவர்களும் உணர்வார்கள். கீழே தர முடிந்த வாட் மேலே வராது.

சுவர்கள்

ஐந்நூறு மீட்டர், ஒரு கிலோமீட்டர் நீளத்தில் 15 சதவீதத்துக்கு மேல் நிமிரும் குட்டி ஏற்றங்கள் வலுவானவர்களுக்கு மட்டும். பெல்ஜியத்தின் கொப்பென்பெர்க் ஏற்றத்தில் நீளம் சுமார் 600 மீட்டர்தான், உச்சச் சாய்வு 22 சதவீதம், தரையில் கல் பாவியிருக்கிறது. தொழில்முறை வீரர்களே இறங்கித் தள்ளிக்கொண்டு ஓடிய இடம். எழுந்து நின்றால் பின்சக்கரம் வழுக்கும், உட்கார்ந்தால் முன்சக்கரம் தூக்கும். ஈரத்தில் போகவே வேண்டாம்.

இறக்கத்தையும் சேர்த்துத் தேர்ந்தெடுங்கள்

பாதைகளை ஒப்பிடுபவர்கள் ஏற்றத்தைப் பற்றியே பேசுகிறார்கள். புதியவர்கள் விழுவது பெரும்பாலும் இறக்கத்தில். 80 கிலோ எடை 500 மீட்டர் இறங்கும்போது ஏறக்குறைய 390 கிலோஜூல் ஆற்றல் எங்காவது போயாக வேண்டும். மென்மையான இறக்கத்தில் காற்றே பெரும்பங்கை ஏற்றுக்கொள்ளும். செங்குத்தான, வளைவு நிறைந்த இறக்கத்தில் மெதுவாகப் போகிறவரின் பிரேக்குகளுக்குத்தான் முழுச் சுமையும். பயத்தில் பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே வந்தால், சக்கரத்தின் விளிம்பையே பிடித்து நிறுத்தும் ரிம் பிரேக் சைக்கிளில் அந்த விளிம்பு சூடேறி ட்யூப் வெடிக்கலாம். டிஸ்க் பிரேக்கிலும் பிடிமானம் மங்கலாம். வளைவுக்கு முன் உறுதியாக அழுத்தி, வேகம் குறைந்ததும் விட்டுவிட வேண்டும். கை வலித்தால் நிற்பதில் வெட்கம் இல்லை.

மலையின் ஒரு பக்கம் செங்குத்து, மறுபக்கம் மென்மை என்றால் எந்தத் திசையில் சுற்றுவது? செங்குத்தான பக்கம் உங்கள் சாய்வுக்குள் இருந்தால் அதில் ஏறி மென்மையான பக்கம் இறங்குங்கள். அது உங்களால் ஏற முடியாத சாய்வு என்றால், அதில் இறங்குவதும் உங்களுக்கு உகந்ததல்ல. சுற்றுப்பாதையை விட்டுவிட்டு மென்மையான பக்கத்திலேயே ஏறி அதன் வழியே திரும்புங்கள். பலர் இதற்கு நேர்மாறாக, எளிதாக ஏறி, கடினமான பக்கம் இறங்கத் திட்டமிடுகிறார்கள். கால் வலுவில்லாதவருக்கு இறங்கும் பழக்கமும் பொதுவாகக் குறைவு என்பதை அந்தத் திட்டம் மறந்துவிடுகிறது.

உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் வெப்பநிலை சராசரியாக ஆறரை டிகிரி குறைகிறது. வியர்வையில் நனைந்த உடலோடு மணிக்கு 40 கிலோமீட்டர் காற்றில் இறங்கும்போது விரல் மரத்துப்போனால் பிரேக் பிடிக்க முடியாது. கீழே எவ்வளவு வெயில் அடித்தாலும் மெல்லிய காற்றுத்தடுப்புச் சட்டை ஒன்றைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும்.

வலு வேறுபடும் கூட்டம்

குடும்பமாகவோ நண்பர்களாகவோ போகும்போது ஒரே சுற்றுப்பாதையில் எல்லோரையும் இழுத்துச் செல்வது யாருக்கும் நிறைவு தருவதில்லை. பின்தங்குபவர் ஒவ்வொரு உச்சிக்கும் வந்து சேரும்போது, காத்திருந்து ஓய்வெடுத்தவர்கள் கிளம்பிவிடுகிறார்கள். களைத்தவருக்குத்தான் ஓய்வே கிடைக்காது. இத்தகைய கூட்டத்துக்கு நீண்ட ஏற்றமே ஏற்றது. எல்லோரும் ஒரே நேரத்தில் கிளம்பி, குறித்த நேரத்தில் யார் எங்கே இருந்தாலும் திரும்ப வேண்டும் என்று முடிவு செய்துகொண்டால், அடிவாரத்தில் ஏறத்தாழ ஒன்றாகச் சேரலாம். வலுவானவர் உச்சியைத் தொட்டுப் பாதி இறங்கி மீண்டும் ஏறலாம்.

மின்சார உதவியுள்ள சைக்கிளும் இங்கே நல்ல தீர்வு. சைக்கிளும் ஆளும் சேர்ந்து 100 கிலோ என்றால் 1,000 மீட்டர் ஏற 272 வாட்-மணி ஆற்றல் வேண்டும். அதில் பாதியை மோட்டார் தந்தாலும், உருளும் உராய்வையும் மோட்டாரில் வீணாகும் ஆற்றலையும் சேர்த்து 500 வாட்-மணி பேட்டரிக்கு அது தாங்கக்கூடிய வேலைதான். ஆனால் உதவியை உச்சத்தில் வைத்தே ஓட்டினால் மேடுபள்ளச் சாலையில் பேட்டரி எதிர்பார்த்ததைவிட முன்பே தீரும், தீர்ந்த பிறகு அந்த எடையைச் சொந்தக் காலால் தள்ள வேண்டும். அவர்களுக்கும் ஏறிய வழியே இறங்கும் பாதைதான் பாதுகாப்பு: பேட்டரி பாதிக்கு வந்ததும் திரும்பினால் போதும்.